பிரிந்து மீண்டும் சேர்ந்த ரொக் குழுக்கள் மேடையில் எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ரொக் கேட்கிறவர்களும், இங்கிருந்து போய் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் விருப்பு வெறுப்பு தெரியும். அதை மறைக்க முயலவில்லை.

மீண்டும் சேர்ந்த குழு என்று யாரைக் கணக்கில் எடுக்கிறீர்கள்?

ஒருமுறை முறையாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் போய், பல வருடங்களுக்குப் பிறகு பழைய பெயரிலேயே மேடையேறியவர்களை. றோலிங் ஸ்ரோன்ஸ் இதில் வராது. 1962 இல் தொடங்கிய அந்தக் குழு பிரிந்ததே இல்லை. விடாமல் சேர்ந்து வாசிக்கிறவர்களின் கைப்பழக்கம் வேறு, இருபது வருடம் முகம் பாராமல் இருந்துவிட்டு வருகிறவர்களின் நிலை வேறு.

எதை வைத்து ஒப்பிடுகிறீர்கள்?

முதலில் தாளம். குரல் அதற்குப் பிறகு.

பத்திரிகை விமர்சனங்கள் பெரும்பாலும் பாடகரில் தொடங்கிப் பாடகரிலேயே முடியும்: பழைய உச்சஸ்தாயி எட்டுகிறதா, முகம் கிழடு தட்டிவிட்டதா. ஆனால் ஒரு குழு மேடையில் உயிரோடு இருக்கிறதா என்பது ட்றம்ஸ் இருக்கும் இடத்தில்தான் தெரியவரும். கோயில் வீதியில் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) கேட்டு வளர்ந்த காதுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கத் தவில்காரரும் எதிரெதிரே இருந்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, கோர்வையைக் கட்டிக்கொண்டு போய்ச் சமத்தில் விழுத்தும்போது, அவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்பது கடைசியில் மணலில் இருக்கிறவருக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவருடைய தவிலை மெச்சுகிறவர்கள் கைவேகத்தோடு நிறுத்துவதில்லை. நாதஸ்வரத்துக்கு அவர் இடம் விட்ட விதத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அந்தக் காதோடுதான் நான் ரொக் குழுவையும் கேட்கிறேன். ட்றம்ஸ்காரர் முன்னே இழுக்கிறாரா, பின்னால் ஓடுகிறாரா? பேஸ் கிற்றார் அவரோடு ஒட்டி நிற்கிறதா? ஒருவர் பிசகினால் மற்றவர்கள் ஏந்துகிறார்களா? இந்த மூன்றும் இருந்தால் பாடகரின் குரல் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் கச்சேரி நிற்கும். இவை இல்லாமல் குரல் மட்டும் இருந்தால் நிற்காது.

லெட் செப்பலின் 2007 நிகழ்ச்சியை எல்லாரும் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள்?

தூக்கிப் பிடிக்க வேண்டிய நிகழ்ச்சிதான். ஆனால் அதன் அருமை விளங்க அதற்கு முன் நடந்ததைத் தெரிந்திருக்க வேண்டும்.

ட்றம்ஸ் வாசித்த ஜோன் பொனம் 1980 செப்ரெம்பரில் இறந்ததும் குழு கலைந்தது. 1985 யூலை 13, லைவ் எயிட் (Live Aid) என்ற நிதிதிரட்டு நிகழ்ச்சிக்காக மற்ற மூவரும் பிலடெல்பியாவில் மேடையேறினார்கள். ட்றம்ஸில் இரண்டு பேர்: ரொனி தொம்சன், மற்றது அன்றே லண்டனில் பாடிவிட்டு கொன்கோர்ட் விமானத்தில் பறந்து வந்த பில் கொலின்ஸ். ஒத்திகை போதவில்லை. ஜிம்மி பேஜின் கிற்றார் சுருதி சேரவில்லை, றொபேட் பிளான்டின் தொண்டை கட்டியிருந்தது, இரண்டு ட்றம்ஸும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. பிறகு லைவ் எயிட் டிவிடி வெளிவந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

2007 டிசெம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு. அற்லான்ரிக் றெக்கோர்ட்ஸை நிறுவிய அஹ்மெட் ஏர்ரிகனின் நினைவு நிகழ்ச்சி. நவம்பரில் நடக்க வேண்டியது, பேஜின் விரல் முறிந்ததால் தள்ளிப்போனது. ரிக்கெற்றுக்கு இரண்டு கோடி விண்ணப்பங்கள் வந்தன. இந்த முறை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ட்றம்ஸில் ஜோன் பொனமின் மகன் ஜேசன், வயது 41. தகப்பன் வாசித்ததைப் படியெடுக்காமல், அந்த வாசிப்பின் பாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தன் கையால் வாசித்தார். பதினாறு பாட்டு, அதில் ஒன்று அவர்கள் முன்பு எந்த மேடையிலும் முழுதாக வாசித்திராதது. ஒரேயொரு இரவுக்காக அப்படி உழைத்திருக்கிறார்கள்.

‘கஷ்மீர்’ என்ற பாட்டை அந்தப் பதிவில் கவனித்துப் பாருங்கள். கிற்றாரின் சுற்று மூன்று மூன்றாகப் போகும், ட்றம்ஸ் நாலு நாலாக நடக்கும், பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கும். திஸ்ரத்தையும் சதுஸ்ரத்தையும் மோதவிட்டுக் கணக்குப் பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விளையாட்டு. ஜேசன் அதை அவசரப்படுத்தவே இல்லை. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த மற்ற மூவரும் அவரில் முழுப் பாரத்தையும் இறக்கி வைத்துவிட்டு வாசிக்கிறார்கள்.

வயதுபோன பாடகர் சுருதியை இறக்கிப் பாடுவது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. இந்தக் குறையை யார் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

எங்கள் சங்கீதத்தில் பாடகர்தான் சுருதியைத் தீர்மானிக்கிறார். இளவயதில் இரண்டு கட்டையில் பாடியவர் எழுபதில் ஒரு கட்டைக்கு இறங்கினால் சபையில் யாரும் எழுந்து போவதில்லை. ராகம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ரொக் பாட்டு அப்படியில்லை. அது இசைத்தட்டில் பதிந்த சுருதியோடு எங்கள் காதில் ஊறிப்போனது. அதனால் அரைக்கட்டை இறங்கினாலும் ஏதோ குறைகிறது போல் படும். 2007 இல் பிளான்ட் சில பாட்டுகளை இறக்கிய சுருதியில்தான் பாடினார். அந்தப் பாட்டுகளில் குரல் தடித்து, முன்பு இல்லாத ஒரு அனுபவம் ஏறியிருந்தது.

இன்னொரு வழி, பாடாமல் விடுவது. டீப் பேர்ப்பிள் குழுவின் இயன் கிலன் ‘சைல்ட் இன் ரைம்’ பாட்டின் உச்சக் கூவலுக்காகவே பேர் எடுத்தவர். 2000களின் தொடக்கத்துக்குப் பிறகு அதைக் கச்சேரிப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். சனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவர் அசையவில்லை. அதையும் நான் மதிக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளாதது மூன்றாவது வழியை: பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. பூங்காவனத் திருவிழாவில் விடிய விடியப் பாடிய எங்கள் கோஷ்டிக்காரர் தொண்டை அடைத்த நேரத்திலும் தாங்களே பாடினார்கள்.

டீப் பேர்ப்பிளை எங்கே வைப்பீர்கள்?

1984 இல், புகழ்பெற்ற அந்த ஐவரும் திரும்பச் சேர்ந்தபோது முன்வரிசையில். கிலனும் கிற்றார் வாசித்த றிச்சி பிளக்மோரும் கொஞ்சக் காலம்தான் ஒத்துப்போனார்கள். 1993 இல் பிளக்மோர் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே போய்விட்டார். விசைப்பலகை வாசித்த ஜோன் லோர்ட் 2002 இல் விலகி 2012 இல் காலமானார். ஆட்கள் மாறி மாறி வந்தும் குழு இன்றும் ஓடுகிறது என்றால், 1968 இலிருந்து ஒருநாளும் விலகாமல் ட்றம்ஸில் இருக்கும் இயன் பேஸ் அதற்கு முதற்காரணம்.

ஈகிள்ஸா, பொலிஸா?

நேர் எதிரான இரண்டு குழுக்கள். ஒப்பிட மிகவும் சுவையானவை இவைதான்.

ஈகிள்ஸ் 1980 இல் மேடையிலேயே ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டு பிரிந்தவர்கள். நரகம் உறைந்தால்தான் திரும்பச் சேருவோம் என்று டொன் ஹென்லி சொல்லிவைத்திருந்தார். 1994 இல் சேர்ந்தபோது அந்தச் சொல்லையே அல்பத்துக்கும் சுற்றுப்பயணத்துக்கும் பேராக வைத்தார்கள். அவர்களுடைய பலம் கூட்டுக்குரல். நாலைந்து குரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரு நூல்கூடப் பிசகாமல் நிற்கும். பின்னால் மேலதிகக் கலைஞர்கள் வாசிப்பார்கள். பதிவில் கேட்டது அப்படியே மேடையில் கேட்கும். எனக்குக் குறையாகப் படுவதும் அதுதான்: நேற்றைய இரவுக்கும் இன்றைய இரவுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. விதிவிலக்கு 1994 இல் ‘ஹொட்டேல் கலிபோர்னியா’வை நைலோன் நரம்புக் கிற்றார்களில் புதிதாகக் கட்டியது. தங்கள் மிகப் பிரபலமான பாட்டையே பிரித்துத் திரும்ப அடுக்கத் துணிந்தார்கள், அது மூலத்துக்குச் சமமாக நின்றது.

பொலிஸ் மூன்று பேர் மட்டும். 2007 மே மாதம் வன்கூவரில் தொடங்கி 2008 ஓகஸ்ட்டில் நியூயோர்க்கில் முடித்த சுற்றுப்பயணத்தில் அவர்கள் துணைக்கு ஒருவரையும் சேர்க்கவில்லை. ஸ்ரிங் பேஸ் வாசித்துக்கொண்டு பாடுவார், அன்டி சமர்ஸ் ஒரு கிற்றாரால் முழு இடத்தையும் நிரப்புவார், ஸ்ருவர்ட் கோப்லன்ட் எங்கே அடிப்பார் என்று ஊகிக்கவே முடியாது. பிசகினால் மறைக்க ஆளில்லை. தொடக்க நாட்களில் பிசகியும் இருக்கிறார்கள். தங்கள் இரண்டாவது இரவு எவ்வளவு மோசமாகப் போனது என்று கோப்லன்டே பகிரங்கமாக எழுதினார். மாதங்கள் போகப் போக இறுகி, அந்த வருட முடிவில் புவெனஸ் அயர்ஸ் போனபோது மூவரும் ஒரே மூச்சாகிவிட்டார்கள்.

அமைதியாக இருந்து பாட்டை ரசிக்க விரும்பினால் ஈகிள்ஸ். ஒரு குழு உங்கள் கண்முன்னே இசையைத் தேடிப் பிடிப்பதைப் பார்க்க விரும்பினால் பொலிஸ். நான் இரண்டாவது ஆள்.

ஒரு இரவு, இரண்டு இரவு மட்டும் சேர்ந்தவர்களை நீண்ட பயணம் போனவர்களோடு ஒப்பிடலாமா?

கவனமாக ஒப்பிடலாம். பிங்க் ஃபுளொய்ட்டின் நால்வரும் 2005 யூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 (Live 8, 1985 இன் லைவ் எயிட் வேறு) நிகழ்ச்சியில் நின்றது 1981 க்குப் பிறகு முதல் முறை. அரை மணித்தியாலம்கூட இல்லை. றொஜர் வோட்டர்ஸும் டேவிட் கில்மோரும் அத்தனை வருடம் வழக்குப் போட்டுக் கசந்தவர்கள். வாசிப்பில் அந்தக் கசப்பின் அடையாளமே இல்லை. விசைப்பலகை வாசித்த றிச்சர்ட் றைட் 2008 இல் காலமானதால் அந்த நால்வரை அப்படிக் காண அதுவே கடைசி.

கிறீம் குழு இன்னும் நல்ல பாடம். 1968 நவம்பரில் லண்டன் றோயல் அல்பேட் ஹோலில் விடைபெற்ற மூவரும் 2005 மே மாதம் அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் வாசித்தார்கள். கிற்றாரில் எரிக் கிளப்ரன், பேஸில் ஜக் புரூஸ், ட்றம்ஸில் ஜிஞ்சர் பேக்கர். இளமைக் காலத்தில் ஒருவரையொருவர் சத்தத்தால் அமுக்கப் பார்த்தவர்கள் இங்கே சத்தத்தைக் குறைத்து, கேட்டுக் கேட்டு வாசித்தார்கள். ஒக்ரோபரில் நியூயோர்க் போனபோது புரூஸுக்கும் பேக்கருக்கும் இடையிலான பழைய உரசல் திரும்பி வந்துவிட்டது. அதே ஆட்கள், அதே பாட்டுகள், ஐந்து மாத இடைவெளி. பேஸும் ட்றம்ஸும் பகைத்தால் கிளப்ரன் போன்ற ஒருவராலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

முக்கியமான ஆள் இறந்த பிறகும் அதே பேரில் பாடுவது சரியா?

எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குயீன் குழு பேரிலேயே நேர்மையைக் காட்டுகிறது. பிரெடி மேர்க்குரி 1991 இல் இறந்தார். 2012 இலிருந்து அடம் லம்பேட்டோடு பாடும்போது அவர் பேரையும் சேர்த்தே போடுகிறார்கள். லம்பேட் மேர்க்குரியைப் போலச் செய்து காட்டுவதில்லை. அவருடைய குரலில் தனி வளம் இருக்கிறது.

ஈகிள்ஸில் கிளென் ஃப்ரை 2016 இல் இறந்த பிறகு அவருடைய மகன் டீக்கனும் வின்ஸ் கில்லும் வந்தார்கள். 2021, 2022 இல் ஜெனசிஸ் பயணத்தில் பில் கொலின்ஸ் முதுகு நோயால் கதிரையில் இருந்து பாட, ட்றம்ஸில் அவருடைய மகன் நிக். ஜேசன் பொனமை ஏற்கெனவே சொன்னேன். தகப்பனின் தவிலை மகன் தோளில் மாட்டிக்கொள்வதை இணுவிலிலும் அளவெட்டியிலும் தலைமுறையாகப் பார்க்கிறவர்களுக்கு இதில் புதுமை இல்லை. பரம்பரை என்பதால் யாரும் சலுகை கொடுப்பதுமில்லை, கை பேசவேண்டும்.

எங்கள் நாட்டிலும் பாடகர் சுனில் பெரேரா 2021 இல் காலமானபோது ஜிப்சீஸ் குழுவுக்கு இதே கேள்வி வந்தது.

கன்ஸ் அன்ட் றோசஸ் பற்றி?

பழைய உறுப்பினர்களான ஸ்லாஷும் டஃப் மக்கேகனும் 2016 ஏப்பிரலில் திரும்பி வந்து தொடங்கிய பயணம் 58 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. முதல் நாளே அக்ஸல் றோஸின் கால் முறிந்து, இன்னொரு குழுவிடம் இரவல் வாங்கிய பெரிய இருக்கையில் இருந்து பாடினார். இரண்டரை, மூன்று மணித்தியாலம் விடாமல் வாசிக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஸ்லாஷின் கிற்றார் இன்னும் பாடுகிறது. அக்ஸலின் குரல்தான் ஒரு இரவு போல் மறு இரவு இல்லை. என் குறை வேறொன்று: பட்டியல் தேவைக்கு மேல் நீளம். கடைசி ஒரு மணித்தியாலத்தில் ட்றம்ஸும் களைத்து, பாட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று கேட்கத் தொடங்கும்.

பிளாக் சபத் பாடகர் ஒஸியின் கடைசி நிகழ்ச்சியை இந்த அளவுகோலால் அளப்பது நியாயமா?

நியாயம்தான். 2025 யூலை 5, பேர்மிங்ஹாம் வில்லா பார்க். பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாத ஒஸி ஒஸ்போர்ன் சிம்மாசனத்தில் இருந்து பாடினார். பிளாக் சபத்தின் முதல் நால்வரும் இருபது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக, நான்கு பாட்டு. பில் வோர்ட் ட்றம்ஸில் திரும்பி வந்தார், அதுவே எனக்குப் பெரிய விடயம். அவருடைய வாசிப்பு பழைய வேகத்தில் இல்லை, ஆனால் அந்தத் தளர்வான ஆட்டம் வேறு யாருக்கும் வராது. பதினேழு வயதில் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த ரொனி அயோமி, நரம்பை இளக்கி, சுருதியை இறக்கி உண்டாக்கிய அந்தக் கனத்த ஒலி அன்றும் குறையவில்லை. ஒஸியின் குரல் தடுமாறிய இடங்கள் உண்டு. மற்ற மூவரும் ஏந்தினார்கள். 17 நாளில் அவர் இறந்துபோனார்.

யாழ்ப்பாணத்தில் இந்த இசையை உண்மையில் யார் கேட்டார்கள்?

நிறையப் பேர். இலங்கை வானொலியின் ஆங்கில சேவை ஒரு வாசல். எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாட்டுகளால் கிற்றாரைத் தமிழுக்குள் கொண்டுவந்தது இன்னொரு வாசல். ரெக்கோடிங் பார்களில் சினிமாப் பாட்டோடு ஆங்கிலப் பாட்டும் கசெட்டில் அடித்துக் கொடுத்தார்கள். 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊர் இது. சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். ஈகிள்ஸ் திரும்பச் சேர்ந்த 1994 இல் இங்கே அதுதான் நிலை.

இங்கிருந்து போய்ப் பார்க்க வழி உண்டா?

கிட்டிய இடம் இந்தியா. கன்ஸ் அன்ட் றோசஸ் 2025 மே மாதம் மும்பையில் வாசித்தது. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் கொழும்பு சுற்றத் தேவையில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சொந்தம் இருந்தால் அவர்கள் பேரில் ரிக்கெற் பதியச் சொல்லுங்கள், ஆனால் விலையைப் பார்த்து அழுத்தச் சொல்லுங்கள். 2024 இல், மீண்டும் சேர்ந்த ஒயாசிஸ் குழுவின் ரிக்கெற் விற்பனையில் சுமார் 150 பவுண் என்று இருந்த நிற்கும் இடம், மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தவர்களுக்கு 355 பவுணாகக் காட்டியது. விசாரணை வரைக்கும் போன விடயம்.

காதடைப்பான் கொண்டு போங்கள். 100 டெசிபல் சத்தத்தில் கால் மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார அளவு. ரொக் கச்சேரி அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜோன்சன் 2016 இல் பயணத்தின் நடுவில் நிறுத்த வேண்டி வந்தது கேள்விப் புலனுக்கு வந்த ஆபத்தால்தான்.

யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலுக்கு இப்படி ஒரு குழு வருமா?

சனம் வரும் என்பதில் சந்தேகம் இல்லை. 2023 ஒக்ரோபரில் சந்தோஷ் நாராயணனுக்கும் 2024 பெப்ரவரியில் ஹரிகரனுக்கும் வெளி நிரம்பியது. இரண்டாவதில் சனம் தடுப்புகளைத் தாண்டி வந்து நிகழ்ச்சி குழம்பியது. பெரிய ரொக் குழு வருவதற்கு முன் வாசல், தடுப்பு, வெளியேறும் வழி ஆகியவற்றை ஒழுங்காகச் செய்யும் பழக்கம் இங்கே ஊன்ற வேண்டும். கேட்கத் தெரிந்த சனம் ஏற்கெனவே இருக்கிறது.

வீட்டில் இருந்து பார்க்கத் தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது? உங்கள் வரிசை என்ன?

என் வரிசை: முதலில் லெட் செப்பலின் 2007, அடுத்து கிறீமின் லண்டன் இரவுகள், மூன்றாவது பொலிஸ். ஈகிள்ஸ் 1994 நான்காவது. பிங்க் ஃபுளொய்ட் நீளம் காணாது என்பதால் வரிசைக்குள் வைக்கவில்லை. சபத்தின் கடைசி நாளை வரிசைப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

முதல் நான்கும் முறையாக வெளிவந்த படங்கள். செப்பலின் படம் 2012 இல் வந்தது. ஒன்றை மனதில் வையுங்கள்: கச்சேரிப் படங்களில் பிழைகளைப் பிறகு திருத்துவது வழக்கம். அதனால் அதே பயணத்தில் பார்வையாளர் எடுத்த காட்சி யூரியூப்பில் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒலி கரகரக்கும், ஆனால் தாளம் நிற்கிறதா இல்லையா என்பதில் பொய் இருக்காது. கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஹெட்போன் போடுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள், இரண்டாம் தடவை ட்றம்ஸை மட்டும் கேளுங்கள். பொலிஸ் படத்தில் கோப்லன்டின் இடது பக்கத்துச் சிறு தாளத்தட்டுகளை மட்டும் தொடர்ந்து போனாலே ஒரு மாலை போதாது.